சேருடைய முழங்கை

ஈரத்துணி ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் கேட்டது. அவ்வளவு சிறிய சத்தம். சத்திரசிகிச்சைக்கூடத்தில் அதைவிடப் பெரிய சத்தங்கள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். எலும்பைத் துளைக்கும் இயந்திரம் அலறும், உறிஞ்சுகுழாய் இரையும், தட்டில் கருவிகள் மோதிக்கொள்ளும். ஆனால் அந்தச் சிறிய சத்தத்தோடு மற்ற எல்லாச் சத்தங்களும் நின்றுபோயின. நான் என் கையைப் பார்த்தேன். இடுக்கியின் நுனியில் ஒன்றுமில்லை. பிறகு கீழே பார்த்தேன். என் இடது சப்பாத்துக்குப் பக்கத்தில், வெளிர்ப்பச்சைத் தரையில், விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று கிடந்தது. அதன் இரண்டு நுனிகளிலும் நான் சற்று முன்னர் பிடித்துக்கொடுத்துத் தைத்த நூல்கள் சுருண்டிருந்தன. அரை மணி நேரத்துக்கு முன்புவரை அது ஓர் உயிருள்ள பெண்ணின் காலுக்குள் இருந்தது.

கண்டி நகரத்திலிருந்து சற்று விலகியிருந்த ஒரு தனியார் வைத்தியசாலையில் நான் அப்போது தியேட்டரில், அதாவது சத்திரசிகிச்சைக்கூடத்தில், தாதி. வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அம்பிட்டியவில் எங்கள் வீடு. அப்பா மாநகரசபையில் கிளார்க்காக இருந்து காலமானவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைச் சீருடை போட்டு, நோயாளிகளிடம் ‘மிஸ்ஸி’ என்று பெயர் வாங்கியது நான்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலத்தில் இரண்டு மாதம் மிச்சமிருந்தது. சனிக்கிழமைகளில் எலும்பு சத்திரசிகிச்சை நடக்கும். அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்றால், அதற்குக் காரணம் சேர்.

நாங்கள் எல்லோரும் அவரை சேர் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துக்காரர், எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர். அரசாங்க வேலை முடிந்த நேரத்தில் எங்களிடம் வருவார். முழங்காலும் தோளும்தான் அவருடைய தனித்திறமை. உயரம் குறைவு, மெலிந்த உடம்பு. யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை, சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. நோயாளியைப் பரிசோதிக்கும்போது ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் காலை மெல்ல முன்னால் இழுத்துப் பார்ப்பார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் லிகமண்ட் அறுந்திருந்தால் எலும்பு சற்று முன்னால் நழுவி வரும். அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் கேட்பது நல்லது என்பார். “முழங்கால் பொய் சொல்லாது. ஆக்கள்தான் சொல்லுவினம்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. விழுந்த விதத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் விளையாட்டு வீரர்களை நினைத்துச் சொல்வதாகத்தான் நான் எண்ணியிருந்தேன்.

அன்றைக்கு இரண்டு பேர். முதலில் முழங்கால், அடுத்தது தோள். முழங்கால்காரர் ஒரு டீச்சர். அலவத்துகொடையிலிருந்து வந்திருந்தார். இருபத்தாறு வயது. ஒரு பாடசாலையில் உடற்பயிற்சியும் வலைப்பந்தும் சொல்லிக்கொடுப்பவர். ஆசிரியர்களுக்கிடையே நடந்த போட்டியில் பந்தைப் பிடிக்க எம்பி, ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ படீரென்று அறுந்ததைத் தானே கேட்டதாகச் சொன்னார். நடக்க முடியும், ஆனால் படி இறங்கினால் கால் தன் பாட்டில் மடிந்துவிடும். அப்படி ஒரு நாள் பிள்ளைகளுக்கு முன்னால் மைதானத்தில் விழுந்ததுதான் அவரை சேரிடம் கொண்டுவந்தது. கூட அவருடைய வாப்பா வந்திருந்தார். ஊரில் சிறிய இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், வெள்ளைத் தொப்பி, குறைந்த பேச்சு. டீச்சர் சேரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போடுவதில் ஆட்சேபனை இல்லை, ஆனால் தன்னை நித்திரையாக்க வேண்டாம். என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும். சேர் அதற்குச் சம்மதித்தார்.

அறுந்த லிகமண்ட்டைத் தைத்து ஒட்டவைக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. அது பிய்ந்த கயிறுபோலக் கிடக்கும், மறுபடி வளராது. அதனால் அதே ஆளின் தொடையின் பின்புறத்திலிருந்து, இல்லாமலும் சமாளிக்கக்கூடிய மெல்லிய தசைநார் ஒன்றிரண்டை உருவி எடுப்பார்கள். அதிலுள்ள சதையை வழித்து, மடித்து, நுனிகளைக் கெட்டி நூலால் தைத்தால் புதிய லிகமண்ட் தயார். பிறகு முழங்காலில் சிறு துளைகள் வழியாகக் கெமரா விட்டு, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் சுரங்கம்போலத் துளைத்து, அந்த நாரை உள்ளே இழுத்துப் பொருத்துவார்கள். சுரங்கம் துளைக்கும் நேரத்தில் தயாரான நார் ஈரத்துணிக்குள் சுற்றி ஒரு பக்க மேசையில் காத்திருக்கும். அதைக் காப்பது என் பொறுப்பு.

சேர் சுரங்கத்தைத் துளைத்து முடித்தார். திரையில் அது ஒரு வெள்ளைக் குகைபோல வட்டமாக, அழகாகத் தெரிந்தது. சேர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி நாரைக் கேட்டார். நான் துணியை விலக்கி, இடுக்கியால் நாரைத் தூக்கினேன். நூல் நுனிகளை மறுகையால் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எப்போதும் செய்வேன். அன்றைக்கு அந்த ஒரு கணம் திரையைப் பார்த்தேன். யாரும் என்னை இடிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் திரையைப் பார்த்தேன், நார் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கூடத்தில் ஆறு பேர் நின்றிருந்தோம். உதவிக்கு நின்ற இளம் டொக்டர் தரையைப் பார்த்தபடி உறைந்து நின்றார். அப்போது பச்சைச் சீலைத் திரைக்கு அப்பாலிருந்து, மிகத் தெளிவாக, டீச்சரின் குரல் வந்தது.

“ஏதோ விழுந்த. என்ன விழுந்த?”

அவர் முழித்திருந்தார் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒரு சிங்கள அம்மா, அனுபவசாலி. அவர் கை தானாகவே தூக்க ஊசி இருந்த தட்டுக்குப் போனது. இரண்டு நிமிடத்தில் டீச்சர் உறங்கிவிடுவார், பிறகு நாங்கள் ஆறு பேரும் எதை வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம். அவர் சேரைப் பார்த்தார். சேர் வேண்டாம் என்று தலையசைத்தார். கையிலிருந்த கருவியை உதவி டொக்டரிடம் கொடுத்துவிட்டு, மேசையைச் சுற்றித் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார்.

“பிள்ளை, உம்மட காலுக்குள்ள வைக்கிறதுக்கு எடுத்த நார் கீழ விழுந்திட்டுது. நிலத்தில” என்றார்.

பத்து வருடத்துக்கும் மேலாகத் தியேட்டரில் இருக்கிறேன். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இப்படி ஒரு வாக்கியத்தை, திறந்திருக்கும் காலோடு படுத்திருப்பவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. மயக்க மருந்து வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். நான் டீச்சர் அலறுவார் என்று காத்திருந்தேன். அலறவில்லை. கொஞ்ச நேரம் இயந்திரத்தில் அவருடைய இதயத் துடிப்பு மட்டும் வேகமாக ஓடும் சத்தம் கேட்டது. சேர் அவசரமில்லாமல் விளக்கிச் சொன்னார். மூன்று வழி இருக்கிறது. விழுந்த நாரையே கிருமிகொல்லி மருந்தில் ஊறவைத்துக் கழுவிப் பாவிக்கலாம், இப்படிச் செய்து நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கிருமி பிடிக்கும் பயம் முழுவதும் போய்விடும் என்று தான் சொல்லமாட்டார். இல்லாவிட்டால் நல்ல காலில் இருந்து வேறு நார் எடுக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் இப்போது தைத்து மூடிவிட்டு இன்னொரு நாள் செய்யலாம். டீச்சர் வாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். சேர் இன்னும் இல்லை என்றார். இரத்தம் வராமலிருக்கத் தொடையில் கட்டியிருந்த காற்றுப்பட்டையைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, அங்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

வெளியே நடந்ததைப் பின்னர் தியேட்டர் சிற்றூழியர்தான் எனக்குச் சொன்னார். வாப்பா கதிரையில் தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தாராம். இரத்தக்கறை பட்ட அங்கியோடு டொக்டர் வருவதைக் கண்டதும், மகள் போய்விட்டாள் என்றே நினைத்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாராம். சேர் எல்லாவற்றையும் அவரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கேட்டு முடிந்ததும் அந்த மனிதர், “கால் அவட. அவட்டக் கேளுங்க டொக்டர்” என்று மட்டும் சொல்லி, முடிவை மகளிடமே விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாராம்.

சேர் திரும்பி வந்து, கையைப் புதிதாகக் கழுவி, அங்கி மாற்றிக்கொண்டு நின்றபோது டீச்சர் தீர்மானித்திருந்தார். “மத்தக் காலத் தொட வேணாம். அது நல்லா ஈக்கிற கால். கீழ விழுந்தாலும் அது என்ட நார் தானே. கழுவிப் போடுங்க” என்றார்.

உதவி டொக்டர் என் பக்கமாக வந்து, நான் விலகிக்கொள்ளலாம், கழுவுவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினார். அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்திருக்கும். நான் விலகவும் தொடங்கிவிட்டேன். சேர் என்னைப் பார்த்து, “நீர்தான் கழுவ வேணும்” என்றார். குரலில் கோபமில்லை, ஆறுதலும் இல்லை. கையுறை மாற்றினேன். இன்னொரு தாதி சுத்தமான இடுக்கியால் நாரை எடுத்து என் கிண்ணத்தில் போட்டாள். சிவப்பு மருந்தில் ஊறவைத்தது, பிறகு கிண்ணம் கிண்ணமாக சேலைன் மாற்றி அலசியது, பிறகு மறுபடி மருந்து, மறுபடி சேலைன் என்று எல்லாம் செய்தது நான்தான். ஆனால் அந்த நேரத்தைப் பற்றி எனக்குச் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகமில்லை. என் உடம்பை வேறு யாரோ போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

நார் உள்ளே போனது. மேல் எலும்புக்கு வெளியே சிறிய உலோகப் பொத்தானும் கீழே ஒரு திருகாணியும் அதைப் பிடித்துக்கொண்டன. திரையில் பார்த்தால் எந்த முழங்காலுக்கும் குறைவில்லாத புதிய லிகமண்ட். சேர் காலைப் பிடித்து மெல்ல இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், சரியென்று தலையை ஆட்டினார். அடுத்த நோயாளி கடுகண்ணாவையில் மா மூட்டை தூக்கித் தூக்கித் தோளின் தசைநார் கிழிந்த ஒரு பேக்கரிக்காரர். கிழிந்த நாரைத் தோள் எலும்பில் சிறு ஆணிகள் அடித்து நூலால் மீண்டும் கட்டும் வேலை அது. வேறு ஆளைப் போடும்படி நான் பொறுப்புத் தாதியிடம் கெஞ்சினேன். பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நிற்கட்டும் என்று சேர் சொல்லியனுப்பினார். நின்றேன். ஒவ்வொரு நூலையும் ஆணியையும் என் கையிலிருந்து வாங்கும்போது அவர் திரையை மட்டும்தான் பார்த்தார். என் கையைச் சரிபார்க்கவில்லை.

நான்காம் நாள் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. முழங்கால் பூசணிக்காய்போல வீங்கிச் சூடாக இருந்தது. செய்தி கேட்டு நான் வார்ட் வாசலுக்குப் போய், உள்ளே போகும் தைரியமில்லாமல் நின்றேன். கிருமி பிடித்திருந்தால் நாரைத் திரும்ப எடுக்க வேண்டும், அது குருத்தெலும்பை அரித்துவிட்டால் அந்த முழங்கால் வாழ்நாளுக்கும் முழங்காலாக இருக்காது. சேர் ஊசியால் உள்ளேயிருந்து நீர் எடுத்தார். சிவப்பாக வந்தது. சீழா, பழைய இரத்தமா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. பரிசோதனை முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் சேர் விடிந்ததும் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை வந்து டீச்சரின் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் என்று வார்ட்டில் சொன்னார்கள். முடிவு வந்தது. கிருமி இல்லை. வெறும் இரத்தக் கசிவு. அன்றைக்கு நான் தியேட்டர் உடைமாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். முதலில் அன்பாகத்தான் பேசினார். நோயாளி நலமாக இருக்கிறார், பிறகு எதற்காக இதையெல்லாம் எழுத்தில் வைப்பது என்பது அவருடைய கேள்வி. ஆனால் நார் விழுந்ததையும் கழுவியதையும் சேர் அன்றைக்கே சத்திரசிகிச்சைக் குறிப்பில் எழுதிவிட்டார். இனி மறைக்க முடியாது என்பதால், யாராவது ஒருவருடைய கவனக்குறைவு என்று ஓர் அறிக்கை தேவைப்பட்டது. விழுந்தது என் கையிலிருந்து. அடுத்த திங்கட்கிழமை கடிதம் தருவார்கள், தாதியர் சபைக்கும் ஒரு பிரதி போகும் என்று பொறுப்புத் தாதி எனக்கு இரகசியமாகச் சொன்னார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக நிர்வாகி ஒரு தாளை என் முன்னால் வைத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். சேர் தன் கைப்பட எழுதிய அறிக்கை. நாரை வாங்குவதற்காகத் தான் அவசரமாகத் திரும்பியதாகவும், தன்னுடைய வலது முழங்கை தாதியின் கையில் பட்டதாகவும், அதனால்தான் நார் விழுந்ததாகவும், தாதியின் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் அதை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை ஏதோ வேறு சம்பவம் என்றே நினைத்தேன். நோயாளியிடம் ஒரு சொல்லைக்கூட மறைக்காத மனிதர், கால் திறந்திருக்கும்போதே உண்மையைச் சொன்ன மனிதர், ஒரு முழுப் பொய்யைத் தன் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். நிர்வாகி, இப்படித்தானே நடந்தது என்று கேட்டார்.

நான் ஆம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். பல வருடங்களாக என்னால் நம்ப முடியாமல் இருப்பது சேர் எழுதியதை அல்ல, நான் அவ்வளவு சுலபமாக ஆம் என்று சொன்னதைத்தான்.

அதற்குப் பிறகு அந்த வைத்தியசாலையில் சேருக்குச் சனிக்கிழமை நேரம் ஒதுக்கப்படவில்லை. யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை. தியேட்டர் இல்லை, கெமரா பழுது, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளியே நிறுத்திவிட்டார்கள். கண்டி பெரிய நகரமல்ல. வைத்தியர்கள், மருந்துக் கடைக்காரர்கள், ரக்பி விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் என்று எல்லோருக்கும் எல்லாம் போய்ச் சேரும். ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, தன் மகனின் முழங்காலுக்கு அவரிடம் போகவில்லை, அவர் நாரைக் கீழே போட்ட டொக்டராம் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. இலையில் சோறு இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

ஒரே ஒரு தடவை முயன்றேன். தன்னுடைய கருவிகளை எடுத்துப் போவதற்காக சேர் கடைசியாக வந்த அன்று, வாகனத் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன். நான் நிர்வாகியிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று தொடங்கியதும், அவர் கார்க் கதவைத் திறந்தபடியே நின்றார்.

“பிள்ளை, அது முடிஞ்ச கதை. நீர் நல்லா வேலை செய்யிற ஆள், செய்யும். அந்தத் தாளில பங்கு உமக்கும் எனக்கும் மட்டுமில்லை” என்றார்.

கடைசியில் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. வைத்தியசாலையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவர் இடமாற்றம் கேட்டு வடக்குக்குப் போய்விட்டார். நானும் வேறு வைத்தியசாலைக்கு மாறினேன். இன்று ஒரு தியேட்டருக்கே நான் பொறுப்பு. புதிதாக வரும் தாதிகளிடம் நூல் நுனியை மறுகையால் பிடிக்கும்படி சொல்லும்போதெல்லாம் என் நாக்கு ஒரு கணம் தடுக்கும்.

இந்த வருடம், பின்னேரத் தேநீர் நேரத்தில், பழைய தோழி ஒருத்தியிடமிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. சேரின் படம், கறுப்புக் கரை, கீழே இரண்டு வரி. மாரடைப்பு. அடக்கமும் முடிந்திருந்தது. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அழுகை வரவில்லை. வந்தது ஒருவிதத் திகில். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்றவர்களில் மற்ற நால்வரும் விழுந்த பிறகுதான் பார்த்தார்கள். விழும்போது என்ன நடந்தது என்று அறிந்த இருவரில் ஒருவர் போய்விட்டார். இனி நானும் வாயைத் திறக்காவிட்டால், அவர் எழுதிய பொய்தான் உண்மை.

அடுத்த சனிக்கிழமை மாத்தளை வீதியில் பஸ் ஏறி அலவத்துகொடையில் இறங்கினேன். டீச்சரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கடையில் கேட்டதும் பாடசாலை மைதானத்தைக் காட்டினார்கள். நீளக் கை வைத்த விளையாட்டு உடையும் தலைத்துணியுமாக, வாயில் விசிலோடு, பிள்ளைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். பந்து ஒன்று உயர வந்தது. எம்பிப் பிடித்தார். அந்த ஒற்றைக் காலிலேயே இறங்கித் திரும்பினார். வேலிக்கு வெளியே நின்று நான் அந்தக் காலையே பார்த்தேன்.

என்னை அவர் உடனே அடையாளம் கண்டது எனக்கு ஆச்சரியம். முகமூடி இல்லாமல் என்னை அவர் இரண்டொரு தடவைதான் பார்த்திருக்க வேண்டும். சேர் இறந்த செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் மைதானத்து ஓரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. “டீச்சர், அன்னைக்கு சேர் கை என்மேல படலைங்க. அவர் திரும்பவே இல்ல. நான்தான் தவறவிட்டேன்” என்றேன்.

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும் மிஸ்ஸி” என்றார். “நான் பார்த்த.”

எனக்கு விளங்கவில்லை. இடையில் சீலை கட்டியிருந்ததே என்றேன். சீலைக்கு அந்தப் பக்கம் தெரியாதுதான், ஆனால் தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கைச் சுற்றிப் பளபளப்பான தகடு ஒன்று இருந்தது, அதில் கால், கைகள், மேசை எல்லாம் தலைகீழாகத் தெரிந்துகொண்டிருந்தன என்றார். விழித்திருந்து பார்க்க ஆசைப்பட்டவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நார் என் இடுக்கியிலிருந்து நழுவியதை, நான் கவனிப்பதற்கு முன்பே அவர் கண்டிருந்தார். என்ன விழுந்தது என்று அவர் கேட்டது, நாங்கள் என்ன பதில் சொல்வோம் என்று பார்ப்பதற்காக.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னை உலுக்கிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் முடிவுக்காகக் காத்திருந்த அந்த மூன்று நாளில் ஒரு நாள், கட்டிலருகே உட்கார்ந்திருந்த சேர் அவரிடம் இதைப் பேசியிருக்கிறார். குறிப்பில் எழுதியாயிற்று, இனி நிர்வாகம் எப்படியும் அந்தத் தாதியின் வேலையைத்தான் பறிக்கும், வேலை போனால் அவள் பெயரும் போய்விடும், தன் முழங்கை பட்டதென்று எழுதினால் அது நிற்கும் என்றாராம். “‘அது பொய். உம்மட வாப்பா சொன்னவர், கால் உம்மடயெண்டு. உம்மட காலைப் பற்றி ஒரு பொய் எழுதிறதெண்டா உம்மட்டக் கேக்காமல் எழுத ஏலாது. நீர் வேண்டாமெண்டால் நான் எழுதமாட்டன்.’ அப்படித்தான் சேர் சொன்ன” என்றார் டீச்சர். காய்ச்சலோடு, அந்தக் கால் மிஞ்சுமா என்று தெரியாமல் படுத்திருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறார். காலைப் பாழாக்கியிருக்கக்கூடிய கை யாருடையது என்று நன்றாகத் தெரிந்த பெண்ணிடம்.

அந்த நேரத்தில் எப்படி மனம் வந்து சம்மதித்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க பக்கத்து மேசைல நிண்டு கழுவின நேரம் நான் மேல அந்தத் தகட்டுல பார்த்துக்கொண்டு தான் இருந்த. உங்கட தோள் ரெண்டும் ஆடின. கை மட்டும் ஆடல்ல” என்றார். “அப்பிடிக் கழுவின ஆள வேலையால நிப்பாட்டச் சொல்லி நான் எப்பிடிச் சொல்ற?”

பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வட்டமாக நின்று டீச்சருக்காகக் காத்திருந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்ததால் ஒருத்தியும் கிட்ட வரவில்லை. இதை நான் எழுதப்போகிறேன், ஊர்ப் பெயரையும் காலையும் எழுதலாமா என்று கேட்டேன். அவர் எழுந்து உடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார்.

“எழுதுங்க மிஸ்ஸி. சேர்ட முழங்கைல பிழை ஒண்டும் இல்லண்டு, அதச் சரியா எழுதுங்க.”

அதனால் எழுதுகிறேன். அன்று சேர் திரும்பவில்லை. அவருடைய முழங்கை என் கையில் படவில்லை.